சொல்லித் தராத வித்தை
ராஜா ரவிவர்மா வாழ்க்கை, ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் பார்வையில்

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். பழைய மாணவர் என்ற முறையில் ஏதாவது எழுதித் தாங்கண்ணே என்றார். நான் எழுதுகிறவன் இல்லை, வரைகிறவன். நம் கல்லூரியில் வணிகவியல் படித்துவிட்டு, கணக்கு எழுதப் போகாமல் போர்டு எழுதப் போனவன். அருப்புக்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்தேன். ஜவுளிக்கடை போர்டு, கட்சிக்காரர் கட்-அவுட், கல்யாணத்துக்கு மேடைப் படம், இறந்தவர்களுக்குப் பெரிய சைஸ் படம் என்று எல்லாம் இந்தக் கை செய்தது. அதனால் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றியே எழுதிவிடுகிறேன். அவர் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். படமும் தெரியும். அவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதுதான் அநேகம் பேருக்குத் தெரியாது.

காலண்டர் தமயந்தி

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. கரிசல் காடும் மானாவாரி வெள்ளாமையும் வேலிக்கருவையும்தான் அங்கே கண்ணுக்குத் தெரிகிற காட்சி. மழை ஏமாற்றினால் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையனுக்கு ஓவியம் என்று எது கண்ணில் படும்? கோயில் சுவர், நாடகக்காரர்கள் கட்டும் சீன், அப்புறம் காலண்டர். எங்கள் வீட்டில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் ஒரு பெண், சிவப்புச் சேலை கட்டி நிற்கிறாள். பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் ஓர் அன்னம். அவள் அந்த அன்னம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வருஷம் முடிந்து தேதி கிழிந்த பிறகும் அம்மா அந்தப் படத்தைக் கழற்றவில்லை.

அது ரவிவர்மாவின் ஹம்ச தமயந்தி என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 1899-ல் வரைந்தது. என் முதல் ஆயில் பெயிண்டிங் அந்தப் படத்தின் நகல்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் கதை.

கிளிமானூர் சுவர்கள்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூர் என்ற ஊர். அங்குள்ள அரண்மனையில் 1848 ஏப்ரல் 29-ந் தேதி ரவிவர்மா பிறந்தார். அரண்மனை என்றதும் பெரிய ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தோடு சம்பந்த உறவு உள்ள ஒரு பிரபுக் குடும்பம், அவ்வளவுதான். அம்மா உமாம்பா தம்புராட்டி பாட்டுக் கட்டுகிறவர். அப்பா நீலகண்டன் பட்டத்திரிப்பாடு சமஸ்கிருதப் பண்டிதர். வீட்டில் கதகளியும் புராணமும் பாட்டும் எப்போதும் இருந்தன. பின்னாளில் அவர் படங்களில் வரும் நளனும் தமயந்தியும் சகுந்தலையும் அவருக்குச் சின்ன வயதிலேயே அறிமுகமானவர்கள்.

பையன் கரித்துண்டை எடுத்துச் சுவரெல்லாம் ஆடுமாடும் ஆள்களுமாகக் கிறுக்கி வைத்தான். வேறு வீடாக இருந்தால் முதுகில் இரண்டு விழுந்திருக்கும். அங்கே தாய்மாமன் ராஜராஜ வர்மா இருந்தார். அவரும் படம் வரைகிறவர், தஞ்சாவூர் பாணியில். மாமா பாதியில் விட்டுப்போன ஒரு படத்தை மருமகன் தன் கையால் பூர்த்தி செய்து வைத்தான் என்றும், மாமா திரும்பி வந்து பார்த்து அசந்து போனார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, அந்த மாமாதான் முதல் குரு.

நம் பக்கத்து ஆள்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. அந்த மாமாவுக்கு வித்தை சொல்லிக் கொடுத்தவர் மதுரைக்காரர். அழகிரி நாயுடு என்று பெயர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் திருவனந்தபுரம் அரண்மனையில் பேரோடு இருந்த ஓவியர். ஆக, ரவிவர்மாவின் வித்தைக்கு ஒரு வேர் மதுரையில் இருந்தது. அதே மதுரையிலிருந்து வந்த இன்னொருவர்தான் அவருக்குக் கதவைச் சாத்தியவரும்.

சாத்திய கதவு

1862-ல், பதினான்கு வயதில், மாமா பையனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் காட்டினார். மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துப் போயிற்று. இங்கேயே தங்கிப் படி என்று ஏற்பாடு செய்தார். அரண்மனையில் இருந்த ஐரோப்பியப் படங்களையும், இத்தாலிய ஓவியங்களின் அச்சுப் புத்தகங்களையும் பார்க்க அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய பள்ளிக்கூடம்.

ஆனால் ஒரு சிக்கல். மாமாவுக்குத் தெரிந்தது தண்ணீரில் கரைக்கும் வர்ணம். ஐரோப்பியப் படங்களில் இருந்தது எண்ணெய் வர்ணம். தண்ணீர் வர்ணம் பூசியவுடன் காய்ந்துவிடும். கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஒன்றோடொன்று இழைக்க நேரம் தராது. எண்ணெய் வர்ணம் காய நாள்கணக்கு ஆகும். அதற்குள் இழைக்கலாம், துடைக்கலாம், திரும்பப் பூசலாம். அதனால்தான் அந்த முகங்கள் உருண்டையாக, தொட்டால் சதை போல, உயிரோடு இருக்கிற மாதிரி தெரிகின்றன. ஈயக் குழாயில் அடைத்த எண்ணெய் வர்ணம் மேல்நாட்டிலேயே 1841-ல்தான் வந்தது. நம் நாட்டுக்கு அது கப்பலில் வரவேண்டும். வந்தாலும் எதை எதோடு கலப்பது, எதன்மேல் எதைப் பூசுவது என்று சொல்ல ஆள் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் அது தெரிந்த ஓவியர் ஒருவர் இருந்தார். மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயுடு, அரண்மனை ஓவியர். நாயக்கர் என்றும் எழுதுவார்கள். தண்ணீர் வர்ணத்தில் ஏதோ கொஞ்சம் காட்டிக் கொடுத்தவர், எண்ணெய் வர்ணம் என்றதும் கையை மூடிக்கொண்டார். பையன் மகாராஜாவின் செல்லப்பிள்ளை, கையில் சரக்கு உள்ளவன். நாளைக்கு நம் இடத்தில் உட்கார்ந்துவிட்டால்? அந்தப் பயம்தான். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் மட்டும், குருவுக்குத் தெரியாமல் ராத்திரி நேரத்தில் வந்து, தனக்குத் தெரிந்ததைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜா குடும்பத்தைப் படம் வரைய வந்தார். அவரும் சொல்லித்தர மனமில்லாதவர்தான். மகாராஜா சொன்னதற்காக, தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். ரவிவர்மா நின்றார், பார்த்தார். எந்த வர்ணத்தை முதலில் தொடுகிறார், பிரஷ்ஷை எப்போது துடைக்கிறார், எங்கே எண்ணெய் சேர்க்கிறார், எவ்வளவு தூரம் பின்னால் போய் நின்று பார்க்கிறார் என்று கண்ணாலேயே எடுத்துக்கொண்டார். அப்புறம் தன் அறைக்கு வந்து செய்து பார்த்தார். தப்பானது. மறுபடி செய்தார்.

இன்றைக்கு யாராவது அவருக்கு ஓவியப் பள்ளிச் சான்றிதழ் உண்டா என்று கேட்டால், இல்லை. ஒருவர் மறுத்தது, ஒருவர் இருட்டில் தந்தது, ஒருவர் பேசாமல் காட்டியது. இவ்வளவுதான் அவர் படிப்பு.

இந்த இடத்தை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் கூலியும் முதல் பதக்கமும்

1866-ல் மாவேலிக்கரை ராஜ குடும்பத்துப் பாகீரதி பாயியோடு கல்யாணம் ஆகியிருந்தது. 1870-ல் ரவிவர்மா கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் 41 நாள் விரதம் இருந்தார். திரும்பி வரும் வழியில் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் என்ற நீதிபதியின் குடும்பத்தைப் படமாக வரைந்தார். காசு வாங்கிக்கொண்டு அவர் செய்த முதல் வேலை அதுதான். ராஜ குடும்பத்தோடு சம்பந்தம் உள்ளவர் கூலிக்குப் படம் வரைவதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓவியத்தைத் தொழிலாக, மானத்தோடு செய்யலாம் என்று நம் நாட்டில் காட்டியவர்களில் அவர் முன்வரிசைக்காரர். போர்டு எழுதிப் பிழைத்த எனக்கு அவரிடம் பிடித்த முதல் விஷயமே அதுதான்.

1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்தை அனுப்பினார். கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் அந்த வருஷம் வியன்னா கண்காட்சிக்கும் போய்ப் பரிசு வாங்கியது. வயது 25. அடுத்த வருஷம் ஒரு தமிழ்ப் பெண் இசைக்கருவி வாசிக்கும் படம், அதற்கும் சென்னையில் தங்கம். அந்தப் படத்தைத் திருவிதாங்கூர் மகாராஜா, அப்போது இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகக் கொடுத்தார். 1876-ல் தாமரை இலையில் கடிதம் எழுதும் சகுந்தலை. அதைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கினார்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று புரியும். முதலில் மனிதர்களைத்தான் வரைந்தார். கண்ணெதிரே உட்கார்ந்த ஆள், அவர் நகை, அவர் சேலை மடிப்பு, அவர் முகத்தில் விழும் வெளிச்சம். அதில் கை தேறிய பிறகுதான் புராணத்துக்குப் போனார். அதனால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கிற பெண்கள் மாதிரி இருக்கிறார்கள்.

பரோடாவும் பதினான்கு படங்களும்

1880-ல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த விசாகம் திருநாளோடு ரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. ஊரை விட்டுக் கிளம்பினார். வெளியே போனது நல்லதாகவே முடிந்தது. கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். பிறகு பரோடாவில் திவானானார். அவர் மூலம் பரோடா மகாராஜா சாயாஜிராவ் அறிமுகம் கிடைத்தது. 1881 கடைசியில் சாயாஜிராவ் முழு ஆட்சிப் பொறுப்பு ஏற்ற விழாவுக்கு ரவிவர்மா போனார்.

1888-ல் சாயாஜிராவ், புராண இதிகாசங்களிலிருந்து 14 பெரிய படங்கள் வேண்டும் என்றார். ரவிவர்மா உடனே பிரஷ்ஷைத் தூக்கவில்லை. தம்பி சி. ராஜராஜ வர்மாவைக் கூட்டிக்கொண்டு வடநாடு முழுக்கச் சுற்றினார். சீதையும் திரௌபதியும் என்ன உடுத்தியிருப்பார்கள் என்று தேடினார். ஊருக்கு ஓர் உடை. கடைசியில் எல்லாருக்கும் பொதுவாகச் சேலையைத் தேர்ந்தெடுத்தார். இன்றைக்கு அம்மன் என்றால் பட்டுச் சேலையோடு நம் மனதில் வருகிறதே, அந்த உருவத்தில் அவர் பங்கு பெரிது.

படங்கள் முடிந்து பரோடாவில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போய் இரண்டு விருதுகளோடு திரும்பின. விவேகானந்தர் அங்கே பேசினாரே, அதே வருஷம்தான்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜராஜ வர்மா அண்ணனைவிட 12 வயது இளையவர். அண்ணன் ஆளை வரைய, பின்னால் இருக்கும் மலையும் மரமும் தண்ணீரும் பெரும்பாலும் தம்பி கை. நாட்குறிப்பு எழுதி வைத்தவரும் அவர்தான். தங்கை மங்களா பாயியும் வரைந்தார். கூடப் பிறந்தவர்களுக்கு வித்தை போனது. அண்ணன் யாரிடமும் கதவைச் சாத்தவில்லை.

கல்லில் ஏறிய தெய்வங்கள்

அரண்மனைப் படத்தை அரண்மனைக்கு வரக்கூடியவர்கள்தான் பார்க்க முடியும். மாதவ ராவ் 1884-லேயே ஒரு யோசனை சொல்லியிருந்தார். நல்ல படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்தால் நாடெங்கும் போகுமே என்று. ரவிவர்மா பத்து வருஷம் கழித்து இங்கேயே அச்சகம் வைத்துவிட்டார். 1894-ல் பம்பாயில், ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் தொழில்நுட்ப ஆள்களோடு. முதலில் வந்தது சகுந்தலையின் பிறப்பு.

அந்த அச்சு இன்றைக்கு மாதிரி பட்டனைத் தட்டினால் வருவதில்லை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை மையால் படத்தை எழுதவேண்டும். தண்ணீர் காட்டினால் எழுதாத இடத்தில் தண்ணீர் நிற்கும், எழுதிய இடத்தில் மை ஒட்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஏற்றவேண்டும். ஒரு கல் நூலளவு விலகினாலும் சரஸ்வதிக்கு இரண்டு உதடு ஆகிவிடும். சிவகாசியில் வேலை பார்த்த நம் பழைய மாணவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

லட்சுமி, சரஸ்வதி, ராமர் பட்டாபிஷேகம் என்று படங்கள் சந்தைக்கும் சத்திரத்துக்கும் குடிசைக்கும் போயின. அந்தக் காலத்தில் எத்தனையோ ஜனங்களைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது 1936-ல். மதுரை மீனாட்சி கோயிலில் 1939-ல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே இந்தத் தாள் சாமிகள் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். அதில் இன்னொரு சேதியும் உண்டு. 1900-ல் ரவிவர்மாவின் பேத்திகள் இரண்டு பேரைத் திருவிதாங்கூர் ராஜ குடும்பம் தத்து எடுத்தது. அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயியின் மகன்தான், 1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட சித்திரைத் திருநாள் மகாராஜா. ரவிவர்மாவுக்குக் கொள்ளுப்பேரன்.

அச்சகம் காசு கொடுக்கவில்லை, கடன்தான் கொடுத்தது. பம்பாயிலிருந்து லோனாவாலா பக்கம் மளவ்லிக்கு மாற்றியும் சரிப்படவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்பவருக்கே விற்றுவிட்டார். வியாபாரத்தில் அவர் தோற்றார் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அந்த அச்சகத்தில் வேலை செய்து வர்ணமும் கல்லும் பழகியவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. 1913-ல் ராஜா ஹரிச்சந்திரா படம் எடுத்து இந்திய சினிமாவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்.

கடைசிக் காலம்

1904-ல் ஆங்கிலேய அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1905 ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா இறந்துபோனார். வலது கை போன மாதிரி ஆனது அண்ணனுக்கு. நீரிழிவு வேறு. 1906 அக்டோபர் 2-ந் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே ரவிவர்மா காலமானார். வயது 58.

செத்த பிறகு அவரைத் திட்டியவர்களும் நிறைய. மேல்நாட்டு முறையை அப்படியே பிடித்துக்கொண்டார், தெய்வங்களை நாடக மேடை ஆள்களாக்கிவிட்டார் என்று ஆனந்த குமாரசுவாமி போன்ற பெரியவர்கள் குறை சொன்னார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். பெரிய வாதத்துக்குள் நான் போகவில்லை. 1979-ல் இந்திய அரசு அவர் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்து, நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்றது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவருடைய மகன் ராம வர்மாவும் ஓவியர். 1915-ல் மாவேலிக்கரையில் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். இன்றைக்கு அது ராஜா ரவிவர்மா பெயரில் நுண்கலைக் கல்லூரி. அப்பா கதவோரம் நின்று பார்த்துக் கற்றதை, மகன் பகலில், பலகை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். சி. கொண்டையராஜு. சென்னையில் ஓவியம் படித்து, திருச்சுழியில் பிறந்த ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதி, கோவில்பட்டியில் வந்து தங்கினார். 1976-ல் காலமாகும்வரை சீடர்களை வைத்துக்கொண்டு வரைந்தார். சிவகாசியில் அச்சாகி நம் வீடுகளுக்கு வந்த எத்தனையோ காலண்டர் சாமிகள் அந்தக் கோவில்பட்டிக் கைகள்தான். ரவிவர்மா போட்ட பாதையில் நடந்தவர்கள்.

என் தமயந்தி

இப்போது என் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்த வருஷம், வீட்டுக் காலண்டர் தமயந்தியை ஆயிலில் வரைவது என்று முடிவு செய்தேன். காடாத்துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வச்சிரப் பசையும் வெள்ளையும் பூசிக் காயவைத்தேன். காலண்டர் மேல் கட்டம், துணி மேல் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமாகக் கோடு வந்துவிட்டது. கோட்டில் தமயந்தி அச்சாக இருந்தாள். வர்ணம் வைத்ததும் போனாள். முகம் செங்கல் மாதிரி, கழுத்து நிழலில் கறுப்பைப் போட்டதால் கரி பூசின மாதிரி. எண்ணெயை முதல் பூச்சிலேயே தாராளமாக ஊற்றியதில் மேல் பூச்சு சில மாதத்தில் வெடித்துவிட்டது, எங்கள் ஊர் கண்மாய் மாதிரியே.

மூன்று தடவை சுரண்டி எடுத்து மறுபடி வரைந்தேன். அப்புறம் கையில் இருந்த காசைத் திரட்டி, பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய், அருங்காட்சியக வளாகத்துக் கலைக்கூடத்தில் அவர் கைப்பட வரைந்த படங்களைப் பார்த்தேன். அரை நாள் நின்றிருப்பேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர் நிழலில் கறுப்பே இல்லை. பழுப்பும் சிவப்பும் நீலமும்தான் ஒன்றுக்குள் ஒன்று. காலண்டரில் அது தெரியாது. நகல் எடுக்கும்போது நாம் படத்தைக் கற்பதில்லை, அவர் எந்த வரிசையில் யோசித்தார் என்பதைக் கற்கிறோம். நாலாவது தமயந்தி தேறினாள். அதை வைத்துத்தான் கடை போட்டேன்.

இனி நான் தயங்கிய இடம். கடை நன்றாக நடந்த காலத்தில் ஒரு பையன் வந்து வாசலில் நிற்பான். நெசவு வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் வருவான், இருட்டும்வரை நிற்பான். ஒரு நாள் தைரியம் வந்து, முகத்துக்கு என்ன வர்ணம் கலக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டான். நான் சொல்லவில்லை. அது எல்லாம் இப்போது உனக்கு வேண்டாம், பிரஷ் கழுவப் பழகு என்றேன். மறுநாளிலிருந்து முகத்துக்கு வர்ணம் கலக்கும்போது திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பக்கத்துத் தெருவில் கடை போட்டுவிடுவானோ என்ற பயம். ராமசாமி நாயுடுவுக்கு வந்த அதே பயம். கொஞ்ச நாளில் அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. நாலு நாள் வேலையை நாற்பது நிமிஷத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கடையை மூடினேன். யாருக்காக நான் அந்தக் கலவையை ஒளித்து வைத்தேனோ, அந்தப் போட்டி வரவே இல்லை. வித்தையும் என்னோடு மூலையில் உட்கார்ந்துவிட்டது. ரவிவர்மாவுக்காவது ராத்திரியில் வந்து சொல்ல ஓர் ஆறுமுகம் பிள்ளை இருந்தார். அந்தப் பையனுக்கு யாரும் இல்லை. அவனை அப்புறம் தேடிப் பார்த்தேன். குடும்பத்தோடு ஊர் மாறிப் போய்விட்டார்கள்.

அதனால் இந்த மலரில் எழுதியே விடுகிறேன். படிக்கிற தம்பி தங்கைகள் யாருக்காவது உதவட்டும். நம் பக்கத்து மாநிற முகத்துக்கு: வெளிச்சப் பக்கம் யெல்லோ ஓக்கர், கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, வெள்ளை. கன்னத்துக்கும் காது மடலுக்கும் அதில் துளி வெர்மிலியன். நிழலுக்கு வெள்ளையைக் குறைத்து, பர்ன்ட் சியன்னாவோடு சிறிது அல்ட்ராமரின் நீலம். கறுப்பைத் தொடாதீர்கள். முதல் பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் அதிகம். மாற்றிச் செய்தால் வெடிக்கும். நான் வாயைத் திறக்காமல் காத்தது இந்த ஐந்தாறு வரியைத்தான்.

சங்கமம் அன்று அந்த நாலாவது தமயந்தியைக் கொண்டுவந்து கல்லூரிக் கூடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு புதுத் துணியும் கட்டம் போட்டு வைத்திருப்பேன். காலைக் கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள், விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள். பிரஷ் நான் கொண்டுவருகிறேன். கழுவுகிற வேலையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.